'இது வரலாறும்மா' என்கிறான் மகன்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் எந்நேரமும் ஹெட்போனும் கையுமாக இருக்கிறான். ஒருநாள் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். என்.டபிள்யூ.ஏ. என்ற குழுவின் ராப் ஆல்பமாம். ஒரே கெட்ட வார்த்தை, துப்பாக்கி, பெண்களைப் பற்றி அசிங்கம். கண்டித்தால் "இது வரலாறும்மா" என்கிறான். தடுப்பதா, விட்டுவிடுவதா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: சகோதரி, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறான், அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆல்பம் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்', 1988-ல் வந்தது. காம்ப்டன் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே இருக்கும் ஊர். கிராக் போதைப்பொருளைப் பிடிக்கிறோம் என்று லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் கவச வண்டிக்கு முன்னால் நீளமான இரும்புத் தடியைப் பொருத்தி, வீட்டுச் சுவரையே இடித்துக்கொண்டு உள்ளே போன காலம் அது. ஆல்பத்தில் போலீஸைத் திட்டும் பாட்டு ஒன்று வரும். கெட்ட வார்த்தையைத் தாண்டிக் கேட்டால் அது ஒரு கோர்ட் நாடகம். குழுவில் ஒருவரான டாக்டர் ட்ரே நீதிபதி, இன்னும் மூன்று பேர் ஒவ்வொருவராக வந்து சாட்சி சொல்கிறார்கள், கடைசியில் போலீஸ்காரர் குற்றவாளி என்று தீர்ப்பு. நிஜக் கோர்ட்டில் கிடைக்காத தீர்ப்பை அந்தக் கறுப்பினப் பையன்கள் பாட்டில் எழுதிக்கொண்டார்கள். 1989-ல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் அந்தப் பாட்டைக் கண்டித்து கேசட் கம்பெனிக்குக் கடிதமே போட்டார். 1991-ல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் அடித்து நொறுக்கிய வீடியோவை உலகமே பார்த்தது, அடுத்த வருஷம் அந்தப் போலீஸ்காரர்களை ஜூரி தண்டிக்காமல் விட, ஊர் பற்றி எரிந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பாட்டு சொன்னது கற்பனை இல்லை என்று பலருக்கு அப்போதுதான் உறைத்தது. 2017-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதே ஆல்பத்தைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. மகன் சொல்லும் வரலாறு இதுதான்.

இனி அவன் சொல்லாதது. இந்தப் பாட்டுகளை வெள்ளைக்காரர்களும் போலீஸும் மட்டும்தான் எதிர்த்தார்கள் என்று நினைக்காதீர்கள். 1993-ல் நியூயார்க் ஹார்லெமில் கால்வின் பட்ஸ் என்ற கறுப்பினப் பாதிரியார் ராப் கேசட்டுகளை நசுக்க ரோடு ரோலரையே வரவழைத்தார், ராப் ரசிகர்கள் குறுக்கே வந்து நின்றதும் பெட்டிகளைக் கொண்டுபோய் சோனி கம்பெனி வாசலில் கொட்டினார். டெலோரஸ் டக்கர் என்ற கறுப்பின அம்மையாரைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போனவர். நம் பெண்களை இப்படிக் கேவலமாகப் பேசி யார் காசு பார்க்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. அதைக் கேட்பதற்காகவே டைம் வார்னர் கம்பெனியின் பங்குகளை வாங்கி, 1995-ல் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். அதே வருஷம் அந்தக் கம்பெனி, ராப் ஆல்பங்கள் வெளியிட்டுவந்த இன்டர்ஸ்கோப்பில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. அவர் பயந்தது வீணும் இல்லை. 1991-ல் ஒரு பெண் டிவி தொகுப்பாளரை அடித்த வழக்கில் சிக்கியவர் இதே டாக்டர் ட்ரேதான், தான் காயப்படுத்திய பெண்களிடம் 2015-ல்தான் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதனால் "எல்லாம் சும்மா வேஷம்மா" என்று மகன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, என்ன செய்வது? ஹெட்போனைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் மொட்டை மாடியில் போய்க் கேட்பான். ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். பாட்டு வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். போலீஸ் பாட்டை அவன் விளக்கட்டும், நிஜமாகவே காது கொடுத்துக் கேளுங்கள், அவனுக்கு நிறையத் தெரிந்திருக்கும். அப்புறம் பெண்களைப் பற்றிய வரி வரும்போது நிறுத்தி, அதையும் இதேபோல விளக்கச் சொல்லுங்கள். திணறுவான். திணறட்டும், நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். டக்கர் அம்மையாரைப் பற்றி அவனையே தேடிப் படிக்கச் சொல்லுங்கள். பரீட்சை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை வைத்துக்கொள்ளுங்கள், அவன் அப்பாவும் கூட இருந்தால் இன்னும் நல்லது.