செடி வளர்வதை நிரலாக எழுதியே விளையாட்டு உருவாக்கத்தைக் கற்க முடியுமா?

பொழுதுபோக்காக நிரல் எழுதும் ஒருவர், செடியின் வளர்ச்சியைப் போலச் செய்யும் சிறு நிரலிலிருந்து விளையாட்டு உருவாக்கத்தைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம், நானும் வேலை முடிந்த மாலை நேரங்களில், கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு இவ்வழியில்தான் கற்று வருகிறேன். ஆனால், திரையில் அழகாக நிற்கும் செடியோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆடுபவர் கொழுந்தைக் கிள்ளினால் அதற்கேற்பக் கிளைக்கும் செடியை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது, ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-இல் முன்வைத்த எல்-சிஸ்டம் முறையாகும். எழுத்துகளின் சரத்தை விதிப்படி திரும்பத் திரும்ப மாற்றி எழுதிச் செடியின் வளர்ச்சியைக் காட்டும் முறை இது. 'க' இருக்கும் இடத்தில் 'கம' என்றும், 'ம' இருக்கும் இடத்தில் 'க' என்றும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டே போனால் க, கம, கமக, கமககம என்று சரம் நீளும். அதன் நீளம் 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையே அடுத்த எண்ணாகும் ஃபிபொனாச்சி வரிசையில் செல்லும். 'க' என்பதைத் தண்டின் ஒரு துண்டாகவும், +, − ஆகியவற்றை ஒரு பக்கமும் மறுபக்கமும் திரும்புவதாகவும் கொண்டு, ஒவ்வொரு 'க'வையும் க[+க]க[−க]க என்று மாற்றும் விதியைக் கொடுத்தால் கிளைகள் வந்துவிடும். அடைப்புக்குறி திறக்கும்போது இருக்கும் இடத்தையும் திசையையும் ஸ்டாக்கில் (கடைசியில் போட்டதை முதலில் எடுக்கும் அடுக்கில்) போட்டு, மூடும்போது எடுத்துக்கொண்டால் போதும். இவ்விதியில் துண்டுகள் சுற்றுக்கு ஐந்து மடங்காவதால், எட்டாம் சுற்றில் 3,90,625 ஆகிவிடுகின்றன. அத்தனையையும் தனித்தனிக் கோடுகளாக வரையாமல் ஒரே மெஷ்ஷாக (வடிவ வலையாக)த் திரட்டி வரையும் வழியைத் தேடும் கட்டாயம் அங்கே தானாக வரும்.

இதைத் தாண்டியபின் ஒரு துளசிச் செடியை அருகில் உட்கார்ந்து பாருங்கள். இலைகள் எதிரெதிராக இணையாக வருகின்றன. ஒவ்வோர் இணையும் தனக்குக் கீழுள்ள இணைக்கு 90 பாகை திரும்பியிருக்கிறது. ஒவ்வோர் இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்குகிறது. நுனியிலிருந்து கீழிறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் அம்மொட்டுகளை அடக்கி வைப்பதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. நுனியைக் கிள்ளினால் அதன் வரத்து நிற்கிறது. கிள்ளிய இடத்துக்குக் கீழுள்ள இரண்டு மொட்டுகளும் விழித்துக் கிளைகளாகின்றன.

வெறும் சரத்தை மாற்றி எழுதும் முறையில் இந்தக் கிள்ளலைப் புகுத்துவது பெரும்பாடு. ஆகவே ஒவ்வொரு மொட்டையும் வயது, நிலை, தாய்க்கணு ஆகிய மூன்றையும் தன்னுள் வைத்திருக்கும் தனிப்பொருளாக எழுதிவிடுங்கள். உயிரோடிருக்கும் நுனியிலிருந்து தூரம் கூடக் கூடக் குறையும் ஓர் எண்ணை ஆக்சினாகக் கொள்ளலாம். அது குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் மொட்டு விழிக்கட்டும். உயிரியல் பேராசிரியர் பார்த்தால் முகம் சுளிப்பார், ஆனாலும் விளையாட்டுக்கு இது தாராளம். ஆடுபவரின் தொடுகையை நிகழ்வாகப் பெறுவது, பொருளின் நிலையை மாற்றுவது, மாறிய பகுதியை மட்டும் திரும்ப வரைவது ஆகிய மூன்றும் இந்த ஒரு கிள்ளலுக்குள் அடங்கிவிடுகின்றன.

வளர்ச்சியை ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படம்) கணக்கில் ஓட்டாதீர்கள். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் செடி, 30 ஓடும் கணினியில் உள்ளதைவிட இரு மடங்கு வேகமாக வளர்ந்துவிடும். செடியின் ஒரு நாளை 24 சம படிகளாகப் பிரித்து, கடந்த நேரத்துக்கு உரிய படிகளை மட்டும் ஓட்டுங்கள். விளையாட்டை மூடிவிட்டு மறுநாள் திறப்பவருக்கும், விடுபட்ட படிகளை வரிசையாக ஓட்டிச் செடியை உரிய உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

படிகள் சீராக இருப்பதால் சேமிப்பதும் எளிது: கிளைகளின் வடிவத்தை எழுதி வைக்காமல், தற்போக்கு எண்களின் (random numbers) தொடக்க விதை, அதாவது அவ்வரிசையைத் தொடங்கிவைக்கும் எண், செடியின் வயது, எந்தப் படியில் எந்த நுனி கிள்ளப்பட்டது என்ற பட்டியல் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டால், அதே செடியை மீண்டும் வளர்த்தெடுக்க முடியும். காற்றில் இலை அசைவதற்கான தற்போக்கு எண்களுக்கு மட்டும் வேறொரு எண்ணாக்கியைப் (அவ்வெண்களைத் தரும் நிரலை) பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் ஒன்றையே வைத்தால் எண்களின் வரிசை கலைந்து, திறக்கும்போதெல்லாம் வேறு செடி வந்து நிற்கும்.