தண்ணி ஃபோர்ஸா வரலையா? போர், கிணறு, டேங்க்: கேள்வி பதில்

சேலத்துல போர் மோட்டார் கழட்டி மாட்டுறதுதான் என் தொழில். வந்த கேள்விகள்ல பாதி "மோட்டாரை மாத்தணுமா?"ங்கறதுதான். ஒரு பக்கெட்டும் கைக்கடிகாரமும் எடுத்துக்கிட்டு டேங்க் மேல ஏறி, பக்கெட் நிறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. பைப்ல வந்து விழுற தண்ணியிலேயே ஃபோர்ஸ் குறைவா, இல்ல டேங்க்ல இருந்து இறங்குறதுலதான் குறைவான்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

அழகாபுரம்: ஒரு மணி நேரத்துல நிறைஞ்ச டேங்க் இப்ப ரெண்டு மணி நேரம் ஆகுதுங்க. மெக்கானிக் மோட்டார் வீக்குன்னு சொல்றார்.

அவசரப்படாதீங்க சார். மோட்டாரைப் போட்டு, தண்ணி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. நிறுத்திட்டு கொஞ்ச நேரத்துல மறுபடி போடுங்க. உடனே வந்தா பைப்ல தண்ணி நிக்குது, நல்லது. ரெண்டாவது தடவையும் லேட்டா வந்தா தண்ணி கீழ இறங்கிடுது. அது வெறும் நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணி திரும்பிக் கீழ இறங்காம தடுக்கிறது) கோளாறா இருந்தா, ஓடும்போது ஃபோர்ஸ் குறையாது. ஃபோர்ஸும் குறைஞ்சிருந்தா பைப்லயோ, பைப்பை இணைக்கிற கப்ளிங்லயோ ஓட்டைன்னு சந்தேகப்படுங்க. மோட்டார் ஓடும்போது போர் மூடிகிட்ட காது வச்சுக் கேளுங்க. உள்ள சளசளன்னு தண்ணி விழுற சத்தம் கேட்டா அதுதான். ஆனா ஊத்து மேல இருந்தாலும் அதே சத்தம் வரும், அதனால மோட்டாரை நிறுத்தியும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

முதல்ல நல்லா வந்து, போகப் போகக் குறைஞ்சு, காத்தும் தண்ணியுமா துப்புதா? ஆம்ப்ஸ் மீட்டர் முள்ளும் இறங்குதா? அப்ப போர்ல தண்ணி இல்ல. நம்ம ஊரு அடியில பாறை, அதுல இருக்கிற வெடிப்புல ஊறுறதுதான் தண்ணி. வெயில் காலத்துல மட்டம் இறங்கினா, அதே மோட்டார் இன்னும் ஆழத்துல இருந்து தூக்கணும், வரத்து தானா குறையும். இதுக்குப் புது மோட்டார் மாட்டினா காசுதான் தண்டம். பெரிய மோட்டார் போட்டா இன்னும் சீக்கிரம் காத்து இழுக்கும்.

ஸ்டார்ட் ஆகும்போது முக்கி முனகுதுன்னா வோல்டேஜையும் கெப்பாசிட்டரையும் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டுமே மேல இருக்கிற விஷயம், பைப்பை உருவ வேண்டியதில்ல. இதெல்லாம் சரியா இருந்தாத்தான் இம்பெல்லர் (உள்ள சுத்தித் தண்ணியைத் தள்ளுற சக்கரம்) தேய்மானத்தைப் பத்திப் பேசணும். மண் வர்ற போர்ல அது சீக்கிரமே தேயும்.

சூரமங்கலம்: டேங்க் நிறைய தண்ணி இருக்கு, ஷவர்ல மட்டும் நூலா ஒழுகுதுங்க அண்ணா.

வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கம் பக்கத்துல இருந்துக்கிட்டு உப்புத் தண்ணியைப் பத்தி நான் சொல்லணுமா அக்கா! ஷவர் தலையைக் கழட்டிட்டுத் திறங்க. பைப்ல ஃபோர்ஸா வந்தா, அடைப்பு ஷவர்லதான். ராத்திரி வினிகர்ல ஊறப் போட்டு, காலையில பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ங்க. பாத்ரூம் ஆசிட் வேண்டாம், பாலிஷ் போயிடும். வெந்நீர் மட்டும் குறைவுன்னா கீசர்ல உப்பு படிஞ்சிருக்கும்.

பைப்லயும் குறைவுன்னா டேங்க் உயரத்தைப் பாருங்க. 10 அடி உயரத்துக்குக் கிடைக்கிறது சுமார் 4.3 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தோட அளவு) தான். மாடி பாத்ரூமுக்கு நேர் மேல டேங்க் இருந்தா, என்ன ஷவர் வாங்கி மாட்டினாலும் ஒழுகத்தான் செய்யும்.

ஏற்காடு, நாகலூர் பக்கம்: சேலம் வீட்டுக் கிணத்துல 24 அடியில இருந்து இழுத்த மோனோபிளாக்கை (மேல வச்சு உறிஞ்சுற பம்ப்) இங்க கொண்டு வந்து மாட்டினோம். பைப் அடி முனையில இருக்கிற புட்வால்வு புதுசு, அதே 24 அடி, இழுக்கவே இல்ல.

பம்ப் மேல குத்தம் இல்ல தம்பி. பம்ப் தண்ணியை உறிஞ்சுதுன்னு நினைக்கிறோம். நிஜத்துல வெளிக்காத்துதான் அமுக்கி மேல ஏத்துது. சேலத்துல அந்த அமுக்கம் சுமார் 10 மீட்டர் தண்ணியைத் தாங்கும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்க 8.6 மீட்டர்தான். கிட்டத்தட்ட நாலரை அடி போச்சு. பைப் உராய்வு, வளைவு எல்லாம் கழிச்சா 18 அடிக்கு மேல நம்பாதீங்க. குதிரைத்திறன் கூட்டினாலும் இது மாறாது. கிணத்துக்குள்ள மேடை போட்டு பம்பைக் கீழ இறக்குங்க, இல்லாட்டி கிணத்துத் தண்ணிக்குள்ள மூழ்கி ஓடுற ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் வாங்குங்க.

கன்னங்குறிச்சி: பிரஷர் பம்ப் டக்கு டக்குன்னு ஆன் ஆஃப் ஆகுது. குழாய்ல தண்ணி துள்ளித் துள்ளி வருது.

பிரஷர் டேங்க்ல காத்து போயிருக்கும். கரண்டை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணியை வடிங்க. டேங்க் காத்து வால்வுல டயர் கேஜ் வைங்க. பம்ப் ஆன் ஆகிற பிரஷரைவிட 2 பி.எஸ்.ஐ. கம்மியா இருக்கணும், 20ல ஆன் ஆனா 18. குறைஞ்சா சைக்கிள் பம்பே போதும். வால்வை அமுக்கினா தண்ணி வருதா? உள்ள ரப்பர் கிழிஞ்சிடுச்சு, மாத்தணும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதே பம்ப் ஓடுதுன்னா எங்கயோ கசியுது. முதல்ல ஃப்ளஷ் டேங்க்கைப் பாருங்க.

அயோத்தியாப்பட்டணம்: கம்ப்ரசர் மோட்டார்ல தண்ணி விட்டு விட்டு வருது.

கம்ப்ரசர்னா காத்தை அடிச்சுத் தண்ணியை மேல தள்ளுறது, அப்படித்தான் வரும். முன்னைவிட ரொம்ப மோசம்னா பெல்ட் தளர்ச்சி, ஏர் ஃபில்டர் அழுக்கு ரெண்டையும் பாருங்க.

ஏற்காட்டுத் தம்பி மறுபடி: மேடை போடுறதுக்கு நானே கிணத்துல இறங்கலாமா?

தனியா இறங்காதீங்க. மெயினை நிறுத்தி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி கையில வச்சுக்கோங்க. நாள்பட்ட கிணத்துல விஷக்காத்து நிக்கும், அது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. கிணத்து வேலை பழகின ரெண்டு பேரைக் கூப்பிட்டு, கயிறு கட்டி, மேல ஆள் நிறுத்தித்தான் இறங்கணும். டீசல் இன்ஜினைக் கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டவே கூடாது.