சிபில் ரிப்போர்ட்டை இலவசமாகப் பார்ப்பது எப்படி? பார்த்தால் ஸ்கோர் குறையுமா?

குறையாது. இந்தப் பயத்தாலேயே பல பேர் தங்கள் ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடன் கேட்டு, அதற்காக வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தால் அது விசாரணையாகப் பதிவாகும். குறுகிய காலத்தில் அப்படி நாலைந்து சேர்ந்தால் ஸ்கோர் இறங்கலாம். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பது அந்தக் கணக்கில் வராது.

எல்லோரும் சிபில் என்றே சொல்கிறோம், ஆனால் நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் பதிந்து ரிப்போர்ட்டும் ஸ்கோரும் தரும் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2017 ஜனவரி முதல் இவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்து வருகிறேன். அந்தந்த நிறுவனத்தின் தளத்துக்கே நேராகப் போய் பேன் எண், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்தால் ஓடிபி வரும், அவ்வளவுதான். வழியில் கட்டணத் திட்டம் எதையாவது காட்டினால் அதைத் தாண்டிப் போங்கள். கடன் ஆப்களில் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்கோரைக் காட்டிவிட்டு, அப்புறம் லோன் வேண்டுமா என்று விடாமல் கூப்பிடுவார்கள்.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். 300 முதல் 900 வரையுள்ள அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே உள்ள பக்கங்களைப் படிக்காமல் விட்டு நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு நிதி நிறுவனத்தில் பைக்குக்குக் கடன் வாங்கி மூன்று வருடம் ஈஎம்ஐ கட்டி முடித்தேன். கடன் முடிந்தது என்ற சான்றான என்ஓசி வாங்கி, ஆர்சியில் இருந்த கடன் குறிப்பையும் நீக்கியாயிற்று. போன வருடம் வீட்டுக் கடனுக்குப் போனபோது மேனேஜர் ஃபைலைத் தள்ளி வைத்து, “சார், டூவீலர் லோன் ஒண்ணு ஓவர்டியூல இருக்கே, முடிச்சிட்டு வாங்க” என்றார். அன்றிரவு முழு ரிப்போர்ட்டையும் எடுத்தேன். அந்தக் கணக்கில் பாக்கி 590 ரூபாய். எப்போதோ ஒரு ஈஎம்ஐ பவுன்ஸ் ஆனதற்குப் போட்ட கட்டணம், நான் கட்டிவிட்டது, அவர்கள் வரவு வைக்கவில்லை.

கணக்குக்குக் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். தவணை தவறி எத்தனை நாள் ஆயிற்று என்பதை அவை காட்டும். 000 என்றால் தாமதமில்லை. எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் அந்த மாதம் கடன் கொடுத்தவர் தகவல் அனுப்பவில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம். என் கட்டங்களில் 030, 061, 091 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயிருந்தன. அந்தக் கட்டம் தொகையைப் பார்ப்பதில்லை, நாளைத்தான் எண்ணுகிறது. ஐந்து லட்சம் பாக்கி வைத்தவருக்கும் 590 ரூபாய் பாக்கி வைத்தவருக்கும் அங்கே ஒரே எண்தான் விழும்.

தவறு இருந்தால் ரிப்போர்ட் எடுத்த தளத்திலேயே புகார் பதியலாம், காசு கிடையாது. ஆனால் கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் அவர்கள் எதையும் மாற்ற மாட்டார்கள். அதனால் நான் என்ஓசியையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்து ரிப்போர்ட் தந்த நிறுவனம், கடன் கொடுத்த நிறுவனம் இரண்டுக்கும் அனுப்பினேன். 26 நாளில் திருத்தம் வந்தது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதி. புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, ‘செட்டில்டு’ என்ற சொல். “பாதி கட்டுங்க, முடிச்சிடலாம்” என்று வசூல் ஆட்கள் சொல்லும்போது இனிக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் அது முழுதாக அடைத்த கடனாக வராது, அடுத்து கடன் கொடுப்பவர் அதைப் பார்த்துத் தயங்குவார். முடிந்தால் முழுதாகக் கட்டி ‘குளோஸ்டு’ என்று போட வையுங்கள். இரண்டு, கேரண்டி. மச்சானுக்கோ நண்பனுக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து உங்கள் ரிப்போர்ட்டிலும் வரும்.

ஸ்கோருக்குப் பதிலாக -1 என்றோ என்ஹெச் என்றோ இருந்தால், கடன் வரலாறு இல்லை என்று பொருள், அது கெட்ட பெயர் இல்லை.

வீட்டில் அம்மாவோ அக்காவோ குழுக் கடன் வாங்கியிருந்தால் அவர்களுக்கும் எடுத்துப் பாருங்கள். சிஆர்ஐஎஃப் ஹை மார்க் நுண்கடன் விவரங்களை நீண்ட காலமாகத் திரட்டி வருகிறது. என் அம்மாவுக்கு அதில்தான் எடுத்தேன். நான்கு குழுக் கடன்கள் இருந்தன, கட்டத்துக்குக் கட்டம் 000. வாராவாரம் தான் கட்டியதெல்லாம் எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பது அம்மாவுக்கு அன்றுதான் தெரியும். போனை வாங்கி, கட்டங்களை விரலால் தள்ளித் தள்ளி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.