ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் ‘ரக்மேன்’ நன்றாக ஆடினாரா என்பதை எந்த எண்ணை வைத்துச் சொல்வது?

நடுவர் பந்தை மேலே எறியும்போது இரு அணியிலும் ஒவ்வொரு நெட்டையர் எம்பி, அதைத் தன் ஆட்கள் பக்கம் தட்டிவிடப் பார்ப்பார். அவர்தான் ரக்மேன். அந்தத் தட்டலுக்குப் பெயர் ‘ஹிட்-அவுட்’.

டிவியில் பெரிதாகக் காட்டுவது மொத்த ஹிட்-அவுட்டைத்தான். ஆனால் தட்டிய பந்து யார் கைக்குப் போனது? பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது மாதிரிதான். பத்து சீட்டில் துண்டு போட்டு என்ன பயன், உட்கார்ந்தது வேறு யாரோ என்றால்?

அதனால் தன் அணியினர் கைக்கே நேராகப் போன தட்டல்களைத் தனியாக எண்ணுகிறார்கள். உதாரணத்துக்கு, 40 தட்டி 8 சேர்த்தவரைவிட 25 தட்டி 10 சேர்த்தவரே மேல். பிறகு ‘கிளியரன்ஸ்’, அதாவது நெரிசலிலிருந்து பந்தை வெளியே கொண்டுபோவது.

தட்டலோடு வேலை முடிவதும் இல்லை. மெல்பர்ன் அணியின் ரக்மேன் மேக்ஸ் கான், 2021-ல் இறுதிப்போட்டிக்கு முந்தைய ‘பிரிலிமினரி ஃபைனல்’ ஆட்டத்தில் ஜீலாங் அணிக்கு எதிராக 5 கோல் அடித்தார். ஹிட்-அவுட் கணக்கில் அது எங்கே வரும்?

ஹிட்-அவுட் அதிகமென்றால் நடுக்களம் நம் கையில் என்று பலர் நினைக்கிறார்கள். தட்டும் திசையை முன்கூட்டியே கணித்து எதிரணி பந்தைப் பறித்தாலும், அந்த ஹிட்-அவுட் நம் கணக்கில்தான் ஏறும்.