ஹீமோகுளோபின் 'நார்மல்', ஆனால் ஓட முடியவில்லை: டிரிப் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. 1500 மீட்டர் ஓடுகிறாள். சில மாதங்களாக நேரம் முன்னேறவே இல்லை. கடைசிச் சுற்றில் கால் கனத்துவிடுகிறது, மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்கிறாள். ஹீமோகுளோபின் 12.3. நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. மைதானத்துக்கு வந்துபோகும் ஒருவர், இரும்புச்சத்து டிரிப் இரண்டு போட்டால் சரியாகிவிடும், தெரிந்த கிளினிக்கில் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். அதை அந்த ஆளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முதலில் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதை ஃபெரிட்டின்தான் காட்டும், ஹீமோகுளோபின் காட்டாது. பத்தாயத்தில் நெல் அடிமட்டத்துக்கு வந்த பிறகும் வீட்டில் உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும், இல்லையா? அதுபோலத்தான் சேமிப்பு கரைந்து வெகுநாள் கழித்தே ஹீமோகுளோபின் இறங்கும். பெண்களுக்கு 12-க்கு மேல் இருந்தால் ரத்தசோகை இல்லை என்பது பொதுக்கணக்கு. போன வருடம் 13.8 இருந்து இன்று 12.3 ஆன பெண்ணும் அந்தக் கணக்கில் நார்மல்தான். பழைய ரிப்போர்ட் இருந்தால் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓடுகிற பிள்ளைகளுக்கு 30, 35-க்குக் கீழ் வந்தாலே நான் கவனிக்காமல் விடமாட்டேன். காய்ச்சல் இருக்கும்போதோ கடும் பயிற்சிக்கு மறுநாளோ எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். ஓய்வுநாள் கழித்துக் காலையில் எடுங்கள்.

விரல் நுனியில் ஒரு குத்து, ஹீமோகுளோபின் ஒரு எண், 'தகுதி' என்று ஒரு முத்திரை: விளையாட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும் மருத்துவ முகாம்கள் பலவும் இவ்வளவுதான். மாதவிடாய் எப்படி என்று ஒரு கேள்விகூடக் கிடையாது. காலணிக்கும் பயணத்துக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு ஃபெரிட்டினுக்கு ஒதுக்கக்கூடாதா? இந்த இடைவெளியில்தான் டிரிப் தரகர்கள் நுழைகிறார்கள்.

இரும்பு தடைசெய்யப்பட்ட மருந்து இல்லை. ஆனால் 12 மணி நேரத்துக்குள் மொத்தம் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும், அது வெறும் சலைனாக இருந்தாலும், உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி குற்றம். இரும்பு மருந்தை 100 மில்லி சலைன் பாட்டிலில் கலந்தாலே, மருந்தையும் சேர்த்து அளவு தாண்டிவிடும். தரகர் இதைச் சொல்லமாட்டார். மாட்டினால் தடை உங்கள் மகளுக்குத்தான், அவருக்கு இல்லை. அந்தக் குப்பியில் இருப்பது இரும்புதானா என்பதை யார் பார்த்தார்கள்? சிவப்பணுவைப் பெருக்கும், விளையாட்டில் தடைசெய்யப்பட்ட ஈபிஓ ஊசியையும் 'ரத்தம் ஊறும் ஊசி' என்று சொல்லிப் போட்டுவிட முடியும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை வைத்தே ஏமாற்றுவார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். உண்மையான மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக டிரிப் ஏற்றினால் குற்றமில்லை. ரத்தசோகை கடுமையாக இருந்து, மாத்திரை கேட்காமல் போய், மருத்துவர் மருத்துவமனையில் வைத்து ஏற்றினால் ஏற்றிக்கொள்ளலாம். பரிசோதனை முடிவு, மருந்தின் பெயர், அளவு, ஏற்றிய நேரம், மருத்துவர் கையெழுத்து எல்லாம் எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாடியில் இரண்டு கட்டில் போட்ட கிளினிக், ஹாஸ்டல் அறை, போட்டி நடக்கும் ஊரின் லாட்ஜ் எதுவும் இதில் சேராது. அங்கே போடுகிறவர் நிஜ டாக்டராகவே இருந்தாலும் சேராது. உங்கள் மகளுக்கு 12.3 இருக்கிறது, மாத்திரையே இன்னும் ஆரம்பிக்கவில்லை. எந்த வகையிலும் இந்த விலக்கு அவளுக்குப் பொருந்தாது.

சரி, ஃபெரிட்டின் குறைவாக இருந்தால்? மாத்திரை போதும். மருத்துவர் 60 முதல் 100 மில்லிகிராம் இரும்பு எழுதித்தருவார். எப்போது போடுகிறோம் என்பதுதான் முக்கியம். கடும் பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில், இரும்பு உள்ளே போவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற சுரப்பு ஏறிவிடும். அதனால் காலைப் பயிற்சி முடிந்த அரைமணிக்குள் எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் கூடாது. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். அப்படிப் போட்டாலும் உடம்பு நன்றாகவே எடுத்துக்கொள்ளும். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவாள்.

சாப்பாட்டில் பீட்ரூட்டையும் பேரீச்சையையும் நம்பி இருக்காதீர்கள். பீட்ரூட்டின் சிவப்பு இரும்பு அல்ல. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் சுவரொட்டியும் ஈரலும் வாரம் ஒருமுறையாவது போடுங்கள். சைவம் என்றால் கீரை, கம்பு, பயறு, கூடவே எலுமிச்சையோ நெல்லியோ. காலையில் வெறும் டீயோடு ஓடப்போகும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

மூன்று வாரத்தில் பெரிய மாற்றம் வராது. இந்தப் போட்டியில் முடிந்ததை ஓடட்டும், அடுத்த சீசனுக்குத் தயாராகலாம். பன்னிரண்டு வாரம் கழித்து ஃபெரிட்டினைத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். ரத்தம் எங்கே போகிறது என்று மருத்துவர் தேடட்டும். அதிக மாதவிடாயா என்பதை நீங்களே பக்குவமாகக் கேட்டு வையுங்கள். மண் மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுகிறவள் என்றால் கொக்கிப்புழுவும் இருக்கலாம். கடைசியாகப் பூச்சி மாத்திரை எப்போது சாப்பிட்டாள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.