ஒரே பெயர், இரண்டு மாட்யூல்: டி (D) புரோகிராமிங் மொழி கேள்வி பதில்

கேள்வி: ஒரு மாட்யூலில் (கோட் ஃபைலில்) லாங் (பெரிய முழு எண்) வாங்கும் 'எழுது' ஃபங்ஷன், இன்னொன்றில் இன்ட் (சாதாரண முழு எண்) வாங்கும் 'எழுது'. இரண்டையும் இம்போர்ட் செய்து எழுது(3) என்று அழைத்தால் எரர். இன்ட் கச்சிதமாகப் பொருந்துகிறதே?

பதில்: பொருந்துகிறது. ஆனால் டி கம்பைலர் இரண்டையும் ஒரே கூடையில் கொட்டிப் பார்ப்பதில்லை. ஒரே பெயரில் வேறு வேறு வகை மதிப்பு வாங்கும் ஃபங்ஷன்கள்தான் ஓவர்லோட்; மாட்யூலுக்கு ஒரு ஓவர்லோட் செட். ஒவ்வொன்றிலும் தனியாகத் தேடும். ஒரே செட்டில் ஆள் கிடைத்தால் அழைக்கும். இரண்டிலும் கிடைத்தால், எது மேல் என்று ஒப்பிடாமல் நின்றுவிடும். 3 லாங்காகவும் மாறுமே, அதனால் இரண்டுமே பொருத்தம்தான்.

ஏன் இந்தப் பிடிவாதம்? லாங் வடிவத்தை நம்பி ஒரு வருடமாக ஓடும் புரோகிராம் என்று வையுங்கள். இரண்டாவது லைப்ரரியின் புது வெர்ஷனில் இன்ட் வடிவம் வருகிறது. ஒப்பிட்டுத் தேர்ந்தால் உங்கள் அழைப்பு சத்தமில்லாமல் அங்கே போய்விடும். டியை உருவாக்கிய வால்டர் பிரைட் இதை ஹைஜாக்கிங் என்றே சொல்கிறார்.

சி++ புராஜெக்ட் ஒன்றில் நானே பட்டேன். மைனஸ் குறியை நீக்கும் ஃபங்ஷன் ஆப்ஸ் (abs). ஆப்ஸ்(-2.7) சி மொழியின் இன்ட் வடிவத்துக்குப் போய் 2 தந்துகொண்டிருந்தது. யாரோ இன்னொரு ஹெடரை (ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைலை) சேர்த்தார்கள், டபுள் (தசம எண்) வடிவம் கண்ணில் பட்டது, விடை 2.7. சரியான விடைதான், ஆனால் 2-ஐ நம்பிய கணக்கெல்லாம் கவிழ்ந்தது. இரண்டு நாள் தேடினேன். ஒரு நேம்ஸ்பேஸின் (பெயர்த் தொகுப்பின்) பெயர்களை எல்லாம் திறந்துவிடும் 'யூசிங் நேம்ஸ்பேஸ்' வரியை ஹெடருக்குள் எழுதாதீர்கள்.

கேள்வி: பைத்தானில்?

பதில்: ஓவர்லோடே கிடையாது. பின்னால் இம்போர்ட் ஆன பெயர் முன்னதை மூடிவிடும்.

கேள்வி: சி++20 மாட்யூல் வந்தாச்சே, தீர்ந்ததா?

பதில்: மேக்ரோ (கம்பைலுக்கு முன்பே வேறு கோடாக மாற்றப்படும் பெயர்) கசிவது நின்றது. ஒரே நேம்ஸ்பேஸில் இரண்டு மாட்யூல் எக்ஸ்போர்ட் செய்யும் ஓவர்லோடுகள் இன்னும் ஒரே கூடைதான். யூசிங் நேம்ஸ்பேஸ் பற்றி மேலே சொன்னேன்.

கேள்வி: லைப்ரரி அப்டேட் செய்ததும் பில்ட் உடைகிறது. இதைப் பாதுகாப்பு என்கிறீர்களா? தொல்லை.

பதில்: தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடைந்தது உங்கள் மேஜையில், வாடிக்கையாளரிடம் அல்ல.

கேள்வி (அதே நபர்): ஸ்டாட்டிக் இம்போர்ட் (மாட்யூல் பெயரோடு சேர்த்தே அழைக்க வேண்டிய இம்போர்ட்) செய்து முழுப்பெயர் எழுதச் சொல்வீர்கள். அப்புறம் எழுது(3)-ஐ 3.எழுது() என்று புள்ளி வைத்து அழைக்கும் வசதி போய்விடுமே?

பதில்: சரியான அடி. யூஎஃப்சிஎஸ் (UFCS), அதாவது அந்தப் புள்ளி வசதி, அங்கே வேலை செய்யாது. வேண்டிய ஃபங்ஷனை மட்டும் பெயர் சொல்லி இம்போர்ட் செய்யுங்கள். அந்தப் பெயர் உங்கள் மாட்யூலுக்கே சொந்தம் போலாகி, மற்றதை முந்தும்.

கேள்வி: எனக்கும் அதே எரர், லாங், இன்ட்...

பதில்: முதல் பதில்.

கேள்வி: இரண்டு மாட்யூல், ஒரே பெயர், கம்பைல் ஆகவில்லை.

பதில்: முதல் பதில், முதல் பத்தி.

கேள்வி: இரண்டு செட்டையும் வேண்டுமென்றே கலக்க வழி உண்டா?

பதில்: அப்பாடா, புதுக் கேள்வி. 'எழுது' என்ற ஒரே பெயரில், மாட்யூலுக்கு ஒன்றாக இரண்டு ஏலியாஸ் (மாற்றுப்பெயர்) போடுங்கள். ஒரே செட்டாகிவிடும், எழுது(3) இன்ட் பக்கம் போகும். இந்தமுறை கேட்டு வாங்கியது நீங்கள்.