‘விஷுவல் லேர்னர்’ என்று ரிசல்ட் வந்தால் புத்தகத்தை மூடிவிடலாமா?

வாசகி கேள்வி (திருப்பூர்): பனியன் கம்பெனி ஒன்றில் பில்லிங் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறேன். ஆன்லைனில் ஒரு டெஸ்ட் எழுதியதில் நான் ‘விஷுவல் லேர்னர்’ என்று வந்தது. அதனால் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, ராத்திரி வந்ததும் வீடியோ வகுப்புகள்தான் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாமே புரிகிறது. மாதிரித் தேர்வில் மட்டும் இரண்டு விடைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறேன். ஒரு அகாடமியில் ‘விஷுவல் லேர்னர்களுக்கு’ என்றே தனி வீடியோ கோர்ஸ் இருக்கிறது, 12,000 ரூபாய். சேரலாமா? என் கற்றல் பாணி இதுதான் என்று எப்படி உறுதி செய்துகொள்வது?

பதில்:

கோர்ஸைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த ரிசல்ட்.

நீங்கள் எழுதியது ‘வார்க்’ கேள்வித்தாளாகவோ அதன் குட்டி நகலாகவோ இருக்கும். பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று அதில் நான்கு வகை. நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த நீல் ஃபிளெமிங் 1987-இல் உருவாக்கியது. 1992-இல் அவரும் காலீன் மில்ஸும் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ‘இது இன்னொரு அளவுகோல் இல்லை, தன்னைப் பற்றி யோசிக்க வைக்கும் தூண்டுகோல்’ என்கிற மாதிரிதான் இருந்தது. பிற்பாடு அதை ஜாதகம் மாதிரி ஆக்கியது நாம்தான்.

அந்தக் கேள்விகளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒருவருக்கு வழி சொல்ல வேண்டும் என்றால் படம் போட்டுக் காட்டுவீர்களா, வாயால் சொல்வீர்களா, கூடவே போய் விடுவீர்களா? இப்படித்தான் இருக்கும். எல்லாமே எது பிடிக்கும் என்று கேட்பவை. உங்களுக்கு ஒரு பாடத்தை நடத்தி, ஒரு வாரம் கழித்து அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அந்த டெஸ்ட் பார்க்கவே இல்லை. ஆகவே ‘எனக்கு வீடியோ பிடிக்கும்’ என்பதுவரை அந்த ரிசல்ட் சரி. ‘வீடியோவில் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும்’ என்று அதிலிருந்து தாவுவதற்கு ஆதாரம் இல்லை.

ஆதாரம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் தெளிவாகச் சொன்னார்கள். பார்த்துப் படிக்க விரும்புகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர்கள் விரும்பும் வழியிலும், மீதிப் பேருக்கு வேறு வழியிலும் நடத்த வேண்டும். கேட்டுப் படிக்க விரும்புகிறவர்களையும் அதே போலப் பிரிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே தேர்வு. அவரவர் பாணிக்குப் பொருந்திய முறையில் படித்தவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தால் ஒப்புக்கொள்ளலாம். அதுவரை வந்திருந்த ஆய்வுகளை அலசியதில், இந்த முறையில் நடந்தவையே அரிது. நடந்தவற்றிலும் பல இந்தக் கருத்துக்கு எதிராகவே இருந்தன. 2015-இல் பெத் ரோகோவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் பட்டதாரிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு நூலின் பகுதிகளைச் சிலர் ஒலிப்புத்தகமாகக் கேட்டார்கள், சிலர் திரையில் படித்தார்கள். உடனே வைத்த தேர்விலும் சரி, இரண்டு வாரம் கழித்து வைத்ததிலும் சரி, பாணிப் பொருத்தத்தால் பலன் ஒன்றும் தெரியவில்லை.

உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துவது 2017-இல் வந்த இன்னொரு ஆய்வு. அப்பி நோலும் மற்றவர்களும் செய்தது. படங்களையும் சொற்களையும் காட்டி, ‘இது எவ்வளவு நினைவிருக்கும்?’ என்று முதலில் கேட்டார்கள். பிறகு நினைவைச் சோதித்தார்கள். ஒருவருடைய கற்றல் பாணிக்கும் அவருடைய நம்பிக்கைக்கும் தொடர்பு இருந்தது, அவருக்கு உண்மையில் நினைவிருந்ததற்கும் பாணிக்கும் தொடர்பு இல்லை. அதாவது பிடித்த வழியில் படித்தால், தெரிந்துவிட்டது என்ற தைரியம்தான் கூடுகிறது. ‘பார்க்கும்போது எல்லாமே புரிகிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். நீதிப்பேராணைகள், அதாவது உரிமைகளைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைகள், அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவு. ஆட்கொணர், கட்டளையுறுத்தும், தடையுறுத்தும், ஆவணக் கேட்பு, தகுதிமுறை வினவும் என்று ஐந்து. வீடியோவில் ஆசிரியர் கலர் கலராகக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் வெட்டவெளிச்சம். ஆனால் தேர்வில் கேள்வி எங்கே விழும்? தடையுறுத்தும் பேராணைக்கும் ஆவணக் கேட்புக்கும் நடுவில் விழும். கீழ் நீதிமன்றம் தன் அதிகார வரம்பைத் தாண்டி ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருக்கும்போதே நிறுத்தச் சொல்வது முதலாவது. உத்தரவு வந்த பிறகு அதை ரத்து செய்யப் பயன்படுவது இரண்டாவது. இல்லையென்றால் 32-ஐயும் 226-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். அடிப்படை உரிமைக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போக 32; உயர் நீதிமன்றம் 226-இன் கீழ் அடிப்படை உரிமைக்காக மட்டுமல்லாமல் வேறு காரணங்களுக்கும் பேராணை பிறப்பிக்கலாம். இந்த வித்தியாசங்களை வீடியோவில் உங்களுக்காக ஆசிரியர் பிரித்துக்கொண்டே போகிறார். நீங்கள் ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. பரோட்டா வீசுகிறவரை எத்தனை நாள் பார்த்தாலும் நம் கையில் மாவு கிழியத்தானே செய்யும்?

சரி, அப்படியானால் என்ன செய்வது? வீடியோவைத் தூக்கிப்போட வேண்டாம். அலுத்து வந்து உட்காரும் உங்களை அது பாடத்துக்குள் இழுத்துவருகிறது. அந்த வேலைக்கு அது போதும். இருபது நிமிடம் பாருங்கள், நிறுத்துங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு வெற்றுத் தாளில், பார்த்ததை எல்லாம் எழுதுங்கள். முதல் நாள் நாலு வரிக்கு மேல் வராது, கடுப்பாக இருக்கும். பரவாயில்லை. அப்புறம் பள்ளிப் பாடப்புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பு மையில் சேருங்கள். அந்தச் சிவப்பு எழுத்துதான் உங்கள் ஷார்ட் நோட்ஸ். மறுநாள் பஸ்ஸில் தாளைப் பார்க்காமல் அதை மட்டும் சொல்லிப் பாருங்கள். நாலைந்து நாள் கழித்து ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை.

இது ஏன் வேலை செய்கிறது? 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு முறையில் இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு முறையில் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்ததே முந்தியது, 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது 42-க்கு இறங்கிவிட்டது. எழுதிப் பார்த்தது 56-இல் நின்றது. படித்த சூட்டில் எது ஜெயிக்கிறதோ அதை நம்பினால் தேர்வு மண்டபத்தில் கையைக் கடிக்கும் என்று நான் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

எந்தப் புலன் வழியாகப் படிப்பது என்ற கேள்விக்குப் பதிலைப் பாடமே சொல்லிவிடும். ஆறுகள், கணவாய்கள் என்றால் வரைபடம் இல்லாமல் யாராலும் உருப்படியாகப் படிக்க முடியாது. ‘கேட்டல் வகை’ ஆளுக்கும் அதே வரைபடம்தான். செய்யுள் என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதுகையும் மோனையும் காதில் விழுகிற சங்கதிகள், அவை அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும். தாளில் 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதியிலிருந்து வருகின்றன என்பதால், வாயைத் திறக்காமல் படிப்பது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. அடுத்த அறையில் தூங்குகிறார்கள் என்றால் முணுமுணுத்தாவது படியுங்கள்.

திறனறிப் பகுதியின் 25 கணக்குகளுக்குக் கைதான். தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் இரண்டு ஆண்டில் எவ்வளவு வித்தியாசம் என்பதை, 10,000 ரூபாய்க்கு 10 சதவீதத்தில் 2,000, 2,100 என்று நீங்களே போட்டு, 100 ரூபாய் என்று கண்டுபிடித்தால் ஒழிய அந்தச் சூத்திரம் நிற்காது. ஒரே வகைக் கணக்கை வரிசையாக முப்பது போடுவதும் வீண். ரோரரும் டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகையாகப் போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள்; கலந்து போட்டவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதுதான் பாதிக் கணக்கு. ஒரே வகையாகப் போடும்போது அந்தப் பாதியை நாம் செய்வதே இல்லை.

விருப்பங்களைத் தெரிந்துகொள்வதே வீண் என்று நான் சொல்லவில்லை. காலை ஐந்து மணியா, ராத்திரி பத்து மணியா? தனியாகவா, தோழியோடு போனில் கேள்வி கேட்டுக்கொண்டா? நூலகமா, மொட்டை மாடியா? இதெல்லாம் உங்களைத் தினமும் உட்கார வைக்கிற விஷயங்கள். இவற்றில் உங்கள் இஷ்டப்படி போங்கள், குற்றமே இல்லை.

உறுதி செய்துகொள்வது எப்படி என்று கேட்டீர்கள். உங்களை வைத்தே சோதியுங்கள். ஏறக்குறைய ஒரே கனமுள்ள இரண்டு பாடங்களை எடுங்கள். ஒன்றை வழக்கம்போல வீடியோவில் மட்டும் பாருங்கள். மற்றதைப் புத்தகத்தில் படித்து, வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். நேரம் இரண்டுக்கும் சமமாக இருக்க வேண்டும். ஒரு வாரம் இரண்டையும் தொடாதீர்கள். பிறகு முந்தைய ஆண்டு வினாத்தாள்களிலிருந்து பாடத்துக்கு இருபது கேள்வி. விடை எழுதும் முன், எத்தனை சரியாக வரும் என்று நீங்கள் நினைக்கும் எண்ணைத் தாளின் மூலையில் குறித்துவிடுங்கள். அந்த எண்ணும் வந்த மதிப்பெண்ணும் எங்கே அதிகம் விலகுகின்றன என்று பாருங்கள்.

வீட்டில் எழுதும் தேர்வுகளில் ஓஎம்ஆர் தாளின் ஐந்தாவது கட்டத்தையும், அதாவது ‘விடை தெரியவில்லை’ என்பதையும் நாணயமாகப் பயன்படுத்துங்கள். உண்மையான தேர்வில் தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் அங்கே ஊகித்தாவது ஒரு விடையை நிரப்பிவிடலாம். வீட்டில் அந்தச் சாமர்த்தியம் உங்களையே ஏமாற்றும். நிச்சயம் என்று நினைத்துத் தப்பாகப் போட்டவை எவை என்று தனியாகக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் படிக்க வேண்டியது அவற்றைத்தான்.

ஒரு விஷயம் தனி. வரிகள் குதிப்பது போலத் தெரிந்தாலோ, பத்து நிமிடம் படித்தாலே தலை வலித்தாலோ, சின்ன வயதிலிருந்தே எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம் என்றாலோ, அது பாணிப் பிரச்சினை ஆகாது. கண் மருத்துவரையோ, கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் உளவியலாளரையோ பாருங்கள்.

இப்போது அந்த 12,000 ரூபாய். அகாடமிக்குப் போன் செய்து, வாராவாரம் தேர்வு உண்டா, பழைய பாடங்களையும் கலந்து வைப்பார்களா, தப்பான விடை ஏன் தப்பு என்று விளக்கம் தருவார்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் கோர்ஸின் பெயர் என்னவாக இருந்தாலும் யோசிக்கலாம். வெறும் வீடியோதான் என்றால், நீங்கள் இப்போது பார்ப்பதையே காசு கொடுத்துப் பார்ப்பீர்கள். டெஸ்ட் பேட்ச் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதற்கு இவ்வளவு ஆகாது.